தச்சன் கெடுத்தானா, அரசன் கெடுத்தானா?

'வின்ஸ் ருஸ்ஸோ டபிள்யூ.சி.டபிள்யூவைக் கொன்றார்.' தொழில்முறை மல்யுத்தத்தைப் பற்றிப் பேசுவோரிடையே ஏறத்தாழ கால் நூற்றாண்டாகப் புழங்கிவரும் வாக்கியம் இது. எதிரணியினரிடம் இதற்கு நிகரான இன்னொரு வாக்கியம் உண்டு: 'வின்ஸ் ருஸ்ஸோ டபிள்யூ.டபிள்யூ.எஃப்பை வாழவைத்தார்.' சென்ற வாரம் எங்கள் விடுதி உணவுக்கூடத்தில் இளம் ஆய்வாளர்கள் இருவர் இதை வைத்து இரவு பதினொரு மணிவரை வாதாடினார்கள். நடுவராக என்னை இழுத்தார்கள். இரண்டு வாக்கியங்களும் பிழை என்றேன். நழுவுகிறீர்கள் என்று இருவரும் ஒருசேரக் கண்டித்தார்கள். நான் நழுவவில்லை என்று காட்டவே இந்தப் பதிவு. நீளமானது, பொறுத்தருள்க.

முதலில் ஒரு தெளிவு. இங்குப் பேசப்படும் ருஸ்ஸோ சமூக ஒப்பந்தம் எழுதிய பிரெஞ்சுக்காரர் அல்லர்; நியூயார்க்கில் வீடியோக் கடை நடத்திவந்து மல்யுத்த நிறுவனமொன்றின் தலைமைக் கதையாசிரியரானவர். 'மல்யுத்தமெல்லாம் ஆய்வாளர் எழுதத் தக்க பொருளா?' என்று முகம் சுளிப்போருக்கும் ஒரு சொல். ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'மித்தாலஜீஸ்' தொகுப்பின் முதற்கட்டுரையே மல்யுத்தத்தைப் பற்றியதுதான். வெற்றி தோல்வி முன்னரே எழுதப்பட்டிருப்பினும் விழுகிற உடம்புக்கு அடி உண்மையாகவே படுகிற ஒரு கலையில், 'யார் செய்தது?' என்ற வினா மொழியியலாளனுக்கு அயலானதன்று. ஒரு வினையின் கருத்தா யார் என்பது எங்கள் துறையின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று.

பள்ளியில் மூன்றாம் வேற்றுமை படித்த அனைவருக்கும் நினைவிருக்கும். 'தச்சன் கோயில் கட்டினான்' என்பதும் சரி, 'அரசன் கோயில் கட்டினான்' என்பதும் சரி. உளி பிடித்தவன் இயற்றுதல் கருத்தா. பிடிக்கச் செய்தவன் ஏவுதல் கருத்தா. இருவரையும் ஒரே வினைமுற்றால் முடிக்க நம் மொழி இடம் தருகிறது. ஆனால் இருவரும் ஒருவரல்லர் என்பதை இலக்கணம் மறக்கவில்லை. ருஸ்ஸோவைப் பற்றிய கால் நூற்றாண்டு வாதம் இந்த எளிய வேறுபாட்டை மறந்ததனால் விளைந்தது என்பது என் துணிபு. நாம் பேசுவது ஒரு தச்சரைப் பற்றி. கோயில் எழும்பியபோது அவர் தம்மை அரசன் என்றார். இடிந்தபோது ஊரார் அவரை அரசன் என்றார்கள்.

என் தீர்ப்பை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். ருஸ்ஸோ டபிள்யூ.சி.டபிள்யூவுக்குக் கேடுதான் செய்தார்; அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்நிறுவனத்தை அவர் கொல்லவில்லை. கேடு செய்தலும் கொல்லுதலும் வெவ்வேறு வினைகள். அவற்றின் கருத்தாக்களும் வேறு.

வாழவைத்தார் என்ற கட்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். ருஸ்ஸோ டபிள்யூ.டபிள்யூ.எஃப்பின் (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.ஈ) இதழில் 'விக் வெனம்' என்னும் புனைபெயரில் எழுதத் தொடங்கி, அதன் ஆசிரியராகி, 1990களின் நடுப்பகுதிக்குப் பின் தொலைக்காட்சிக் கதைக்குழுவுக்குள் வந்தவர். எட் ஃபெராரா என்பவரோடு சேர்ந்து திங்கட்கிழமை நிகழ்ச்சியான 'ரா'வுக்குக் கதை எழுதினார். 1997 முதல் 1999 வரையிலான அந்தக் காலத்தில் நிறுவனம் விழும் நிலையிலிருந்து எழுந்தது என்பது உண்மை. அக்காலத்து நிகழ்ச்சிகளில் அவர் கைவண்ணம் எங்கே தெரிகிறது என்றும் காட்டலாம். முதன்மை வீரர்கள் நால்வருக்கு மட்டும் கதை இருக்க, மற்றவர்கள் வந்து மோதிவிட்டுப் போகும் பழைய முறை மாறியது. பட்டியலின் அடியில் இருந்தவருக்கும் ஒரு பகை, ஒரு காதல், ஓர் ஏமாற்றம் என்று ஏதோ ஒன்று கிடைத்தது. கடைநிலை வீரர் அரங்கிற்கு வரும்போதும் பார்வையாளர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். இதைச் சிறிய பங்களிப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

ஆயினும் அந்த எழுச்சியின் தூண்கள் எவை? ஸ்டீவ் ஆஸ்டின் தம் புகழ்பெற்ற சொற்பொழிவைத் தாமே அந்த நொடியில் பேசியது 1996 ஜூனில், 'கிங் ஆஃப் த ரிங்' மேடையில். நிறுவன உரிமையாளர் வின்ஸ் மெக்மஹோன் வெறுக்கத்தக்க முதலாளிப் பாத்திரமாக மாறியதற்கு வித்து, 1997 நவம்பர் 9 அன்று மான்ட்ரியாலில் பிரெட் ஹார்ட்டுக்குத் தெரியாமல் அவரிடமிருந்து பட்டம் பறிக்கப்பட்ட நிகழ்ச்சி. அங்கே உண்மைப் பகையே பின்னர் கதையாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, ருஸ்ஸோ கொண்டுவந்த ஒவ்வொரு தாளும் மெக்மஹோனின் மேசையைத் தாண்டியே அரங்குக்குப் போனது. பத்துக் கருத்துகளில் எதை எடுப்பது, எதைக் கிழிப்பது என்று முடிவு செய்ய ஒருவர் இருந்தார். அவர் கிழிக்காமல் விட்டவற்றிலும் இன்று பார்க்கக் கூசுகிற பெண்ணிழிவுக் காட்சிகள் ஏராளம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

1999 அக்டோபர் தொடக்கத்தில் ருஸ்ஸோவும் ஃபெராராவும் போட்டி நிறுவனத்துக்குப் போனார்கள். அதே மாதத்தில் டபிள்யூ.டபிள்யூ.எஃப் பங்குச்சந்தையில் நுழைந்தது. கிறிஸ் கிரெஸ்கி தலைமைக் கதையாசிரியரானார். 2000ஆம் ஆண்டை அந்நிறுவனத்தின் சிறந்த ஆண்டுகளுள் ஒன்றாகவே ரசிகர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். தச்சர் போன பிறகும் கோயில் எழும்பிக்கொண்டிருந்தது என்றால், 'வாழவைத்தவர்' என்ற பட்டத்தை அவருக்கு முழுதாகக் கொடுக்க வழியில்லை.

இனிக் கொன்றார் என்ற கட்சி. டெட் டர்னரின் நிறுவனம் 1988இல் வாங்கிய டபிள்யூ.சி.டபிள்யூ, 1995 செப்டம்பரில் 'நைட்ரோ' என்ற திங்கட்கிழமை நிகழ்ச்சியைத் தொடங்கியது. 1996 ஜூலையில் ஹல்க் ஹோகன் வில்லனாக மாறிய கதைத் திருப்பத்தின் வேகத்தில், ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக இடைவிடாமல் 'ரா'வைப் பார்வையாளர் கணக்கில் வென்றது. அந்த ஓட்டம் 1998 ஏப்ரலில் முடிந்தது. அப்போது ருஸ்ஸோ எதிரணி அலுவலகத்தில் இருந்தார்.

வீழ்ச்சியின் அறிகுறிகளை அவர் வருகைக்கு முன்பே எண்ணிப் பார்க்கலாம். 1999 ஜனவரி 4 அன்று, பெரும் சாம்பியன் போட்டி என்று அறிவித்துவிட்டு, ஹோகன் ஒற்றை விரலால் தொட்டதும் கெவின் நாஷ் மல்லாந்து விழுந்து பட்டத்தைக் கொடுத்தார். அதே இரவில் நைட்ரோவின் வர்ணனையாளர், மேலிட உத்தரவின்படி, எதிர் அலைவரிசையில் மிக் ஃபோலி பட்டம் வெல்லப்போகிறார் என்று ஏளனமாகச் சொன்னார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் லட்சக்கணக்கில் அந்த எதிர் அலைவரிசைக்கே போய்விட்டார்கள். தம் பாத்திரத்தின் போக்கைத் தாமே முடிவு செய்யும் உரிமையை ஹோகனுக்கு ஒப்பந்தமே கொடுத்திருந்தது. புகழ்பெற்றவர்களுக்கு, அரங்கேறினாலும் ஏறாவிட்டாலும், உறுதிசெய்யப்பட்ட சம்பளம். நைட்ரோவை உருவாக்கிய எரிக் பிஷோஃப் 1999 செப்டம்பரில் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். ருஸ்ஸோ உள்ளே நுழைந்தபோது 'ரா'வுக்கு நைட்ரோவைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு பார்வையாளர்கள். அவர் கையில் ஒப்படைக்கப்பட்டது நலமாக இருந்த உடம்பன்று.

அப்படியானால் ருஸ்ஸோ குற்றமற்றவரா? இல்லை. மூன்று குற்றங்களை அவர் பெயரிலேயே எழுத வேண்டும்.

ஒன்று, பட்டத்தின் மதிப்பை அழித்தது. மல்யுத்தத்தில் சாம்பியன் பட்டம் என்பது ஒரு சொல்லைப் போன்றது. எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கும் வரைதான் அதற்குப் பொருள். 2000ஆம் ஆண்டில் மட்டும் அந்தப் பட்டம் ஏறத்தாழ இருபது தடவை கைமாறியது அல்லது காலியென அறிவிக்கப்பட்டது. ஏப்ரலில் டேவிட் ஆர்க்வெட் என்ற திரைப்பட நடிகர் சாம்பியனானார். அவரே இது வேண்டாம் என்று தயங்கியவர். செப்டம்பரில் கதையாசிரியரே கூண்டுக்குள் இறங்கித் தம்மைச் சாம்பியன் ஆக்கிக்கொண்டார். எழுதுகிறவன் தன் பெயரையே விடையாக எழுதிக்கொள்ளும் தேர்வுத்தாளை யார் திருத்துவது?

இரண்டு, பார்வையாளரை விட்டுவிட்டு உள்வட்டத்தாருக்கு எழுதியது. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கதையை மெய்யெனவே கொண்டு நடத்தும் மரபை மல்யுத்தத்தார் 'கேஃபேப்' என்பார்கள். பார்வையாளர் ஏமாளிகள் அல்லர். எழுதப்பட்டது என்று தெரிந்தே நம்புகிறார்கள். நம் தெருக்கூத்தில் இது புதிதன்று. வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் சுரங்கத்துக்குப் பிழைக்க வந்தவர்களின் பேரன் நான். திரௌபதை அம்மன் திருவிழாவும் பாரதக் கூத்தும் எங்கள் பக்கத்துச் சொத்து. துரியோதனன் வேடம் கட்டியவர் பகலில் யார் என்று கூத்துக் களத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். கட்டியங்காரன் கதையை விட்டு வெளியே வந்து ஊர்வம்பு பேசுவான், கேலி செய்வான், மீண்டும் உள்ளே போவான். ஆனால் அவன் ஒருநாளும், 'இந்தத் துரியோதனன் கூலி அதிகம் கேட்டான், அதனால் இன்றைக்குச் சாகமாட்டேன் என்கிறான். இதுவரை நீங்கள் பார்த்ததெல்லாம் பொய், இனி வருவது மட்டும் நிஜம்' என்று சொல்வதில்லை. சொன்னால் விடியற்காலைப் படுகளத்துக்கு யார் காத்திருப்பார்கள்?

ருஸ்ஸோ அதைத்தான் சொன்னார். 2000 ஜூலை 9, 'பாஷ் அட் த பீச்' நிகழ்ச்சியில் ஜெஃப் ஜாரெட் தாமாகவே படுத்துக்கொள்ள, ஹோகன் அவர் மேல் காலை வைத்துப் பட்டத்தை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பின்னர் ருஸ்ஸோ மேடைக்கு வந்து, ஹோகனின் ஒப்பந்த உரிமையையும் திரைமறைவுச் சண்டையையும் கூட்டத்தின் முன் கொட்டி, ஹோகனை வசைபாடி, அந்தப் பட்டம் செல்லாது என்றார். ஹோகன் அவதூறு வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதில் எது திட்டம், எது மெய் என்று இன்றுவரை சண்டை. இதைத் துணிச்சல் என்று கொண்டாடுகிற நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். 'இது மட்டும் நிஜம்' என்று ஒருவன் சொன்னால், 'மற்றதெல்லாம் பொய்' என்பதும் அதனுள் அடக்கம். அன்றிரவே புக்கர் டி என்ற தகுதியான கறுப்பின வீரர் முதன்முறையாக அந்நிறுவனத்தின் உலகச் சாம்பியன் ஆனார். ருஸ்ஸோவின் கணக்கில் வரவு வைக்க வேண்டிய செயல் அது, தயக்கமின்றி வைக்கிறேன். ஆனால் அந்த வெற்றிக்குச் சற்று முன்புதான் பட்டம் என்பதே நாடகம் என்று ஊரறியச் சொல்லியிருந்தார். கொடுத்த பரிசின் மதிப்பைக் கொடுப்பதற்கு முன்பே குறைத்துவிட்டார்.

மூன்று, பிறமொழியாளர் மீதான இளக்காரம். ஜப்பானிய, மெக்சிகோ வீரர்கள் அமெரிக்கப் பார்வையாளருக்கு ஒரு பொருட்டல்லர் என்னும் கருத்துப்பட அவர் நேர்காணலில் பேசினார். டபிள்யூ.சி.டபிள்யூவின் நிகழ்ச்சிகளைத் தூக்கிப் பிடித்தவர்களில் பலர் அத்தகைய வீரர்களே. இன்னொரு பக்கம், முகவாதத்தால் வாய் கோணியிருந்த வர்ணனையாளர் ஜிம் ராஸைப் பகடி செய்யும் ஒரு பாத்திரத்தை ஃபெராராவே ஏற்று நடித்தார். கர்நாடகத்தில் தமிழனாகப் பிறந்து, பெங்களூரு ரயிலில் எந்த மொழியில் பேசுவது என்று ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்த்து வளர்ந்தவனுக்கு, 'உன் மொழிக்காரனை இங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை' என்ற வாக்கியத்தின் ஓசை நன்றாகவே தெரியும். இதை வெறும் வணிகக் கணிப்பு என்று விட்டுவிட என்னால் இயலாது.

இம்மூன்றும் ருஸ்ஸோவின் குற்றங்கள். கேடு செய்தார் என்று நான் சொன்னது இதனால்தான். ஆனால் ஒரு நிறுவனம் மூடப்படுவதற்கு இவை போதுமா?

2000 ஜனவரியில், முன்னாள் கலப்புச் சண்டை வீரர் டாங்க் அபாட்டைச் சாம்பியன் ஆக்கலாம் என்று ருஸ்ஸோ முன்மொழிந்ததையொட்டி, அவர் பொறுப்பு பறிக்கப்பட்டது. சரி. ஆனால் மூன்று மாதங்களில், ஏப்ரல் 10 அன்று, அதே மேலிடம் அவரைப் பிஷோஃபுடன் சேர்த்து மீண்டும் அழைத்து, எல்லாப் பட்டங்களையும் ஒரே இரவில் காலியாக்க இசைவளித்தது. மெக்மஹோனின் மேசையில் தாள்களைக் கிழிக்க ஒரு கை இருந்தது என்றேன். அட்லாண்டாவில் அந்தக் கை இல்லை. மல்யுத்தத்தை வெட்கத்தோடு வைத்துக்கொண்டிருந்த ஒரு பெருநிறுவனத்தின் மேலாளர்கள், தாள்களைப் படிக்காமலே கையொப்பமிட்டார்கள்.

முடிவு வந்த வழியும் கதை வழியன்று. ஏ.ஓ.எல் நிறுவனமும் டைம் வார்னரும் 2001 ஜனவரியில் இணைந்தன. நட்டத்தில் இருந்த டபிள்யூ.சி.டபிள்யூவை வாங்கப் பிஷோஃபின் குழு முன்வந்து உடன்பாடும் ஆகியிருந்தது. மார்ச்சில் டர்னர் தொலைக்காட்சிகளின் புதிய தலைவர் ஜேமி கெல்னர், தம் அலைவரிசைகளில் மல்யுத்தத்துக்கு இனி இடமில்லை என்று முடிவெடுத்தார். ஒளிபரப்பு நேரம் இல்லாத மல்யுத்த நிறுவனத்தை யார் வாங்குவார்? குழு பின்வாங்கியது. மார்ச் 23 அன்று, எதிரியான டபிள்யூ.டபிள்யூ.எஃப் அதை வாங்கியதாக அறிவிப்பு வந்தது; மார்ச் 26 அன்று ஃபுளோரிடாவில் கடைசி நைட்ரோ. ருஸ்ஸோ அதற்கு மாதங்கள் முன்பே காட்சியிலிருந்து மறைந்திருந்தார். கொன்ற வினைக்கு ஏவுதல் கருத்தாவைத் தேடுவோர் பார்க்க வேண்டிய இடம் ஒளிபரப்பு அட்டவணை.

இந்த வழக்கு எனக்கு ஏன் இத்தனை முக்கியம் என்பதை இப்போது சொல்லலாம். கடைசி நைட்ரோவுக்கு 26 நாள் முன்பு, 2001 பிப்ரவரி 28 அன்று, எங்கள் ஊரில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அப்பா சாம்பியன் ரீஃபில் நிலத்தடித் தொழிலாளி. எனக்கு அப்போது நான்கு வயது. பத்து வயது மூத்த அண்ணன் மல்யுத்தச் சீட்டுக்கட்டு ஒன்றை வைத்திருந்தான். உயரம், எடை, மார்பளவு, தரவரிசை அச்சிட்ட அந்தச் சீட்டுகளை லைன் வீட்டுத் திண்ணையில் வைத்து ஆடிக்கொண்டிருப்பான். நான் எண்களைப் படிக்கக் கற்றதே அவற்றில்தான். அப்பா காலையில் எங்கும் போகாமல் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது என் முதல் நினைவுகளில் ஒன்று. பின்னர் அவரும் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரு போய்க் காவலாளி வேலை பார்த்தார். ஊரே அப்படித்தான் போனது, இன்றும் போகிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில், தொழில் வரலாறு பற்றிப் பேசிய அறிஞர் ஒருவர் போகிறபோக்கில், 'கோலார் சுரங்கத்தைத் தொழிற்சங்கங்களே மூடின' என்றார். அரங்கில் யாரும் மறுக்கவில்லை. எழுந்து கேட்க எனக்கும் அன்று நா எழவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. அந்த வாக்கியமும் 'ருஸ்ஸோ கொன்றார்' என்ற வாக்கியமும் ஒரே அச்சில் வார்த்தவை.

சங்கங்களில் குறை இல்லையா? உண்டு. எங்கள் வீட்டிலேயே அதைப் பற்றி வசை கேட்டு வளர்ந்தேன். ஒரே சுரங்கத்தில் பல கொடிகள், ஒன்றை ஒன்று வெட்டிய பேச்சுவார்த்தைகள். கேடு செய்தார்கள் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். மூடினார்கள் என்று சொன்னால் கணக்கைக் கொண்டுவாருங்கள். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி தோண்டி எடுத்துக்கொண்டு போனது மேற்பரப்புக்கு அருகில் இருந்த வளமான தாதுவை. 1956இல் மைசூர் அரசும், 1962இல் ஒன்றிய அரசும் கைக்கொண்டபோது எஞ்சியிருந்தது ஆழத்தில் இருந்த மெலிந்த தாது. சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. அங்கிருந்து ஒவ்வொரு டன் பாறையையும் மேலேற்றவும், வெப்பத்தைத் தணிக்கவும், நீரை இறைக்கவும் ஆன செலவு ஏற, டன்னுக்குக் கிடைத்த தங்கம் இறங்கியது. எடுத்த தங்கத்தையும் வெளிச்சந்தை விலைக்கு விற்க முடியாமல், அதைவிடத் தாழ்ந்த பன்னாட்டு அதிகாரபூர்வ விலைக்கு அரசுக்கே கொடுத்த ஆண்டுகள் உண்டு. அந்த ஆண்டுகளில் ஏட்டில் விழுந்த நட்டத்தைத் தொழிலாளியின் சோம்பலாகப் படிப்பது எந்த ஆய்வுமுறை? 1992இல் நலிந்த தொழில்களுக்கான வாரியத்திடம் வழக்குப் போனது. மூடும் முடிவு டெல்லியில் எடுக்கப்பட்டது. இறைப்பான்கள் நின்றன, சுரங்கத்துக்குள் நீர் நிரம்பியது. ஒளிபரப்பு நேரம் பறிபோன மல்யுத்த நிறுவனத்தைப் போல, நீர் நிரம்பிய சுரங்கமும் எளிதில் விலைபோகாத பொருளாயிற்று.

மொழியைக் கவனியுங்கள். அரசு ஆவணம் 'சுரங்கம் மூடப்பட்டது' என்கிறது. செயப்பாட்டுவினையில் கருத்தாவே இல்லை. கருத்தரங்கு மேடை 'தொழிற்சங்கங்கள் மூடின' என்கிறது; கருத்தா இருக்கிறது, ஆனால் ஏவியவர் இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே, மூடக் கையொப்பமிட்டவர் இலக்கணப் பிழையில்லாமல் தப்பித்துவிடுகிறார். 2018இலும் 2022இலும் எங்கள் ஊர்ப்பெயரைத் தாங்கி வந்த திரைப்படங்களும் இந்த ஒற்றைக் கருத்தா மோகத்தின் இன்னொரு வடிவமே. அங்கே ஒரு நாயகன் வந்து எல்லாவற்றையும் செய்கிறான். நூற்றிருபது ஆண்டுகள் பாறையைக் குடைந்து, சிலிக்காத் தூசியை நுரையீரலில் வாங்கி இறந்தவர்கள் பின்னணிக் கூட்டம்.

இதற்கு ஒரு மறுப்பு வரும், விடுதியிலேயே வந்தது. 'எல்லாவற்றுக்கும் அமைப்பே காரணம் என்றால் தனிமனிதப் பொறுப்பு என்ற ஒன்றே இல்லாமல் போகாதா? கதையாசிரியர் தப்பித்துக்கொள்ள நீங்களே வழி செய்கிறீர்கள்.' நல்ல கேள்வி. என் விடை: பொறுப்பைப் பங்கிடுகிறேன், கரைக்கவில்லை. ருஸ்ஸோ மீது மூன்று குற்றங்களைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறேன். 'கொன்றார்' என்ற பெருங்குற்றத்தைச் சுமத்துவோர்தாம் உண்மையில் அவரைத் தப்பவிடுகிறார்கள். ஏனெனில் அந்தக் குற்றத்தை மறுப்பது அவருக்கு எளிது. 'நான் போன பிறகுதானே மூடினார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். பட்டத்தை மலிவாக்கியதையும், மெக்சிகோ வீரனை இளக்காரமாகப் பேசியதையும் அப்படி மறுக்க முடியாது. மிகைக் குற்றச்சாட்டு எப்போதும் குற்றவாளிக்கே உதவும்.

சோதித்துப் பார்க்க ஒரு சான்றும் இருக்கிறது. ருஸ்ஸோ 2002 முதல் 2012 வரை, இடையிடையே விலகியும் திரும்பியும், டி.என்.ஏ என்ற சிறு நிறுவனத்துக்கு எழுதினார். அங்கும் அதே பழக்கங்கள். 'ருஸ்ஸோவை வெளியேற்று' என்று அரங்கமே முழங்கிய இரவுகள் உண்டு. ஆனால் அந்த நிறுவனம் சாகவில்லை. நொண்டியது, கைமாறியது, பெயரை மாற்றியது, பழைய பெயருக்கே திரும்பியது, இன்றும் நடக்கிறது. அதே தச்சர், அதே உளி, வேறு அரசர்கள், வேறு முடிவு. அவர் எழுத்து மட்டுமே ஒரு நிறுவனத்தைக் கொல்லப் போதுமானதாக இருந்திருந்தால், டர்னரின் செல்வத்தில் சிறுபங்குகூட இல்லாத டி.என்.ஏ முதலில் செத்திருக்க வேண்டும்.

ஆகவே விடுதி நண்பர்களுக்கு என் விடை. ருஸ்ஸோ உதவினாரா, கெடுத்தாரா? மறுத்துச் சொல்ல ஒருவர் இருந்த இடத்தில் ஓரளவு உதவினார்; அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் மிகவும் கெடுத்தார். அந்த இடத்தைக் காலியாக விட்டவர்களின் பெயர்களையும் அதே வாக்கியத்தில் எழுதுங்கள். வாக்கியம் நீளும், நீளட்டும். நாம் ஆய்வேடு எழுதுகிறவர்கள்; நீண்ட வாக்கியத்துக்கு அஞ்சுகிறவர்கள் அல்லர்.

அன்று கருத்தரங்கில் நான் கேட்காமல் விட்ட கேள்வியை இங்கே வைக்கிறேன். ஐயா, 'மூடின' என்றீர்கள். உளி யார் கையில் இருந்தது என்பதைச் சொல்லிவிட்டீர்கள். ஏவியவர் யார்?

மறுப்புகளை வரவேற்கிறேன். சான்றோடு வாருங்கள்.